இன்னும் ஒரு ஆள் கொள்ளும்

என் அப்பா சுருளிவேலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கே சந்து தெரிந்தாலும் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். அடுக்களையில் பானைக்கும் குடத்துக்கும் நடுவே, கல்யாணப் பந்தியில் இரண்டு இலைகளுக்கு நடுவே, பஸ்சில் மூன்று பேர் சீட்டில். “இன்னும் ஒரு ஆள் கொள்ளும், தள்ளுங்க” என்பார். சின்ன வயதில் எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது.

அதுதான் அவர் சோலி. ராசிங்காபுரத்திலிருந்து விடியுமுன் போடிமெட்டு மலை ஏறும் ஜீப்பில், ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை அவர்தான் உட்காரவைப்பார். பருமனானவர்கள் ஓரத்தில், மெலிந்தவர்கள் அவர்களுடைய முழங்கால்களுக்கு நடுவில், தூக்குவாளிகள் மடியில். பிறகு பின்கதவுக்குக் கொக்கி மாட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொள்வார். ஜாடியில் மாங்காய் அமுக்குகிற மாதிரி அமுக்குகிறாரே என்று பெண்கள் கேலி செய்வார்கள். மேலே போய் மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்பார். ஜீப்பின் சொந்தக்காரர் அவருக்குத் தலைக்கணக்கில் கொடுத்த கூலியில்தான் மகள் நான் கல்லூரிக்குப் போனேன்.

ஒரு மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவில் ஜீப் சரிந்தது. பின்கதவு ஓரம் இருந்த ஜோதி கீழே விழுந்து இறந்துபோனாள். எங்கள் தெரு மாயக்காள் அத்தையின் ஒரே மகள். இடமில்லை என்று சொல்லியும் அந்தப் பிள்ளை அடம்பிடித்து ஏறிவிட்டது என்றார் ஜீப்காரர். அப்பா மறுத்துப் பேசவில்லை.

அன்று காலையில்தான் அத்தை, கூட்டமாக இருந்தால் ஏறாதே என்று மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு செத்த மகளை நினைத்து அழவும் முடியாமல், அவள் படத்தைப் பார்த்துத் திட்டுவார். அவ்வப்போது எங்கள் வாசலுக்கு வந்து, “நெசமாவே அவளாத்தான் ஏறுனாளாண்ணே?” என்று கேட்பார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

எம்.ஏ. வரலாறு படித்தபோது, அட்லாண்டிக் அடிமை வணிகம் பற்றிய புத்தகம் ஒன்றை நூலகத்திலிருந்து கொண்டுவந்தேன். அதில் ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை விற்கக் கொண்டுபோன கப்பலின் வரைபடம் இருந்தது. தளம் முழுக்க, தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கும் சின்னச் சின்ன உடல்கள். எங்கள் பெண்கள் விற்கப்பட்டவர்கள் அல்ல, சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் படத்தை அப்பாவிடம் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அவர் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். “இதுல இன்னும் ஆள் கொள்ளுமே.”

உண்மைதான். வரைந்ததைவிட அதிகம் பேரை அந்தக் கப்பல் ஏற்றிப்போனதாகப் புத்தகத்தில் இருந்தது. சொன்னேன். எல்லாரும் கரை சேர்ந்தார்களா என்று கேட்டார். வழியில் செத்தவர்களைக் கடலில் போட்டார்கள் என்றேன்.

“அடுக்குனவன் என்ன ஆனான்?”

அவனைப் பற்றி நான் எதுவும் படித்திருக்கவில்லை.

அப்பா கையை எடுக்கவில்லை. “ஜோதி எறங்குறேன்னுச்சு, ஆத்தா. ஒரு கால வெளிய வச்சிருச்சு. நாந்தான் தோள அமுக்கிக் கொக்கியப் போட்டேன்.”

இதை மாயக்காள் அத்தையிடம் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். சொல்கிறேன் என்றார். நாளைக்கு, நாளைக்கு என்றே ஒரு வருடம் ஓடியது. ஒவ்வொரு மறுநாள் விடியலிலும் ஜீப் மலை ஏறும். அவரும் ஆள் ஏற்றப் போவார்.

போன ஆடியில் நெஞ்சுவலி வந்து அப்பா இறந்துபோனார். பந்தலில் ஆள் குறைவு. அத்தை வந்து, அத்தனை இடம் காலியாகக் கிடக்க, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். பக்கத்தில் போய் அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன்.

அத்தை என் கையைத் தடவிக்கொடுத்தார். “எனக்கு ஆறுதலுக்குச் சொல்லுற. நெசமா இருந்தா அண்ணன் எங்கிட்டச் சொல்லாமயா இருந்திருப்பாரு?”

காரியம் முடிந்த மறுநாள் அத்தை வீட்டு வழியாகப் போனேன். உள்ளே குரல் கேட்டது.

“ஏறாதன்னு சொன்னேன்ல. சொன்ன பேச்சக் கேட்டியாடி நீ?”