காற்றாடிக்குப் போட்ட மாலை

எங்கள் தெருவில் எல்லா மொட்டை மாடியிலும் டிஷ் ஆன்டெனா இருந்தது. எங்கள் மாடியில் கூடவே ஒரு காற்றாடியும் இருந்தது. பிள்ளைப்பாக்கத்தில் அப்போது கரண்டெல்லாம் சுற்றியிருந்த கம்பெனிகளுக்குப் போய் மிச்சம் மீதிதான் நமக்கு வரும் என்று அப்பா சொல்வார். அந்த இருட்டுக்கு அம்மா கண்டுபிடித்த மருந்துதான் காற்றாடி. பழைய சாமான் கடையில் வாங்கிய மோட்டார், தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் அறுத்துச் செய்த மூன்று இறக்கைகள், எண்ணெய் டின் தகரத்தில் ஒரு வால். அது சுற்றினால் பேட்டரி ஏறும். கரண்ட் போனால் அடுப்பங்கரையில் ஒரே ஒரு பல்பு எரியும்.

ஆடிக் காற்றில் ஓர் இறக்கை பிய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கோழிக் கூண்டின் மேல் விழுந்தது. கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்களுக்குத்தான் ஆனது. அந்த வீட்டு அக்கா பேசிய பேச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"இன்னொரு வாட்டி எதுனா பறந்துச்சின்னா அவ்ளோதான். கழட்டி பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்."

மறுநாளே அம்மா புது இறக்கைகள் அறுக்க உட்கார்ந்தாள். பழையதைவிட நீளம், கனமான குழாய். தேய்ந்த பேரிங்கை மாற்றினாள். கம்பம் அசையாமலிருக்க மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினாள். காற்று மிஞ்சினால் காற்றாடியைத் திருப்பி நிறுத்த வாலில் ஒரு கயிறும் கட்டித் தொங்கவிட்டாள். இறக்கைகளை மளிகைக் கடைக்குத் தூக்கிப்போய்த் தராசில் வைத்துப் பார்த்து, வீட்டுக்கு வந்து அரத்தால் ராவி, திரும்பவும் கடைக்குப் போனாள். கடைக்காரர் பருப்பு நிறுப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"மூணும் ஒரே கனம் இருக்கணும்டி. ஒண்ணு கூடிச்சின்னா ஆட்டம் குடுக்கும், அப்புறம் பறக்கும்" என்றாள் என்னிடம்.

ஆயுத பூஜை வந்தது. அன்று எந்தச் சாமானையும் வேலை வாங்கக் கூடாது. மறுநாள் பூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும். கத்தி, கிரைண்டர், அப்பாவின் பைக், என் ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு ஜம்மென்று ஓய்வெடுத்தன. அம்மா காற்றாடியின் கம்பத்துக்கும் பொட்டு வைத்து, இறக்கைகளைக் கயிற்றால் கட்டிவிட்டு வந்தாள்.

கம்பெனி பூஜையிலிருந்து அப்பா பொரியும் சுண்டலும் மிஞ்சிய சாமந்தி மாலையுமாக வந்தார். அவருக்கு என்ன தோன்றியதோ, யாரிடமும் சொல்லாமல் மாடியேறி, மாலையைக் காற்றாடிக்குப் போட்டுவிட்டார். பெண்டாட்டியின் பைத்தியத்துக்கு அவர் செய்த முதல் மரியாதை அது.

சாயங்காலம் மழைக்காற்று கிளம்பியது. இறக்கைகளைக் கட்டிய கயிறு அறுந்து, மேலே தடதடவென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஓர் இறக்கையில் மட்டும் மாலையோடு காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. கம்பம் சாமி வந்தது போல ஆடியது. பக்கத்து வீட்டில் கோழிகள் கத்தின.

அம்மா கீழே இறங்கி, பூஜையில் இருந்த கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா பதறிப்போனார்.

"ஏய், பூஜை போட்டதத் தொடாத! நாளைக்குத்தான் எடுக்கணும்!"

"காத்துக்கு இன்னா, லீவு வுட்டாங்களா? இந்தாங்க, இதப் புடிச்சி இழுங்க."

காற்றாடியின் வாலில் கட்டியிருந்த கயிற்றை அவர் கையில் திணித்துவிட்டு ஏணியில் ஏறினாள். அப்பா இழுக்க இழுக்க, காற்றாடி காற்றைவிட்டு முகம் திருப்பி, வேகம் குறைந்து நின்றது. அம்மா மாலையை அறுத்தாள். எதுவும் பறக்கவில்லை. எனக்குத்தான் பயத்தில் அழுகை நிற்கவில்லை.

"நான்தான் போட்டேன்" என்றார் அப்பா, கயிற்றை விடாமல்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போட்டதுதான் போட்டீங்க, மூணுக்கும் போட்டிருக்கக் கூடாதா?"

அதன்பிறகு பழைய இரும்புப் பேச்சு எங்கள் வீட்டில் எழவே இல்லை.

மறுநாள் அம்மா பேரிங்குக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு பல்புக்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

"கம்பெனில எனக்குன்னு ஒரு மிஷின் இருந்துச்சி. ஆயுத பூஜைன்னா நான்தான் தொடச்சிப் பொட்டு வெப்பேன். நீ வயித்துல வந்ததும் வேலைய வுட்டுட்டேன்."

"இப்ப அதுக்கு யாரும்மா பொட்டு வெக்கிறாங்க?"

"யாராச்சும் வெப்பாங்க."

அம்மா கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள். கிரீஸ் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த மிஷினை நினைத்தால்தான் பாவமாக இருந்தது.