விரிசல் விட்ட பாலம்

போடியில் பழைய ஆற்றுப் பாலத்தைப் பல நாளாக இடிக்கிறார்கள். இயந்திரச் சத்தம் வீடுவரை கேட்கிறது.

எழுபதுகளில், ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் திரும்பும்போது, அந்தப் பாலத்துக்கு முன்னால் டிரைவர் அம்மா, சித்தி, நான் என எல்லோரையும் இறக்கிவிடுவார். விரிசலுக்குப் பயந்து, ஏலக்காய் மூட்டைகளோடு மட்டும் மெதுவாகக் கடப்பார். பெண்கள் பாலத்தை நம்பாமல், முழங்கால் தண்ணீரில் ஆற்றில் இறங்கி வருவார்கள்.

ஒரு மழை நாளில் சித்தி தயங்கினாள்.

"தண்ணி கலங்கி வருதுக்கா. பாலத்துலயே நடந்துருவோம்."

"வண்டி போறப்பவே ஆடுது. அத நம்பாத, வெரசா எறங்கு" என்றாள் அம்மா.

நடு ஆற்றில் சித்தியை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பாலத்தைக் கடந்து, அக்கரையில் ஏலக்காய் மணத்தோடு ஜீப் நின்றிருந்தது.

இப்போது தினமும் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்கிறாள்.

"பாலம் விழுந்துருச்சாடி?"

"இன்னும் இல்லம்மா."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.