பட்டுவுக்கு முடி வெட்டிய காலை

1. எதிர்வீட்டு சொல்தா மாமா தம்முடைய கம்பளி முயல் குட்டியை நீலம் கலந்த தண்ணீரில் முக்கினார்.
2. தெருவெங்கும் ஈரக் கம்பளி வாடை அடித்தது.
3. குட்டி செத்தது.
4. பழியை என்மேல் போட்டார்.

எழுபதுகளின் கடைசிக் கோடை அது, நான் சிறுமி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைக் கருவடிக்குப்பத்தில் ‘சொல்தா’ என்போம். ஊரில் நடக்கும் கண்காட்சியில் பரிசு வாங்க ஆசைப்பட்டு, மலையிலிருந்து இரண்டு குட்டிகளை வரவழைத்து, பஞ்சு, பட்டு என்று பெயர் வைத்திருந்தார் மாமா. பள்ளி விட்டதும் அவற்றுக்கு முடி சீவிவிடுவது என் வேலை. பிறந்த இரண்டாம் மாதமே முதல் முடியை வெட்டிவிட வேண்டும், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குட்டி முடி சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், இந்த ஊர் வெயிலை அந்தப் போர்வையோடு தாங்காது என்று, கொண்டுவந்த ஆள் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அதை ஞாபகப்படுத்தினேன்.

“வெட்டிட்டா காட்சில எதக் காட்றது? உன் மொட்டத் தலையயா?” என்று சிரித்தார் மாமா. வீராம்பட்டினம் கோயிலில் அப்போதுதான் எனக்கு மொட்டை போட்டிருந்தார்கள்.

தம் வெள்ளைச் சட்டைக்குப் போடுவதுபோலப் பஞ்சுவுக்கும் நீலம் போட்டார். முடி உலரும்போதே ஜமுக்காளமாக இறுகிக்கொண்டது. சீப்பு இறங்கவில்லை. உச்சி வெயிலில் பஞ்சு வாயைத் திறந்து இளைத்து இளைத்து, என் மடியிலேயே அடங்கிப்போனது.

“சீவுறேன் சீவுறேன்னு புடுங்கியே கொன்னுட்டா இந்த மொட்டச்சி,” என்றார் மாமா, தெரு கேட்க. அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். “அடுத்தவங்க ஊட்டு ஜீவன் உனக்கு எதுக்குடி?”

பட்டுவும் மூச்சிளைக்கத் தொடங்கியிருந்தது. கண்காட்சி நாள் காலை, ரிக்‌ஷா கூப்பிட மாமா போனதும், அம்மாவின் தையல் கத்தரிக்கோலோடு கூண்டைத் திறந்தேன். முதுகெலும்பில் வகிடு பிரித்து, தோலை இழுத்துப் பிடித்து, வயிற்றில் மட்டும் மெதுவாக, முழுவதும் வெட்டினேன். வெட்டிய முடியை அவருடைய பட்டாளத் தொப்பியில் அடைத்து, தொப்பியைக் கூண்டின் மேல் வைத்தேன்.

“எவ வேலடி இது?” என்று மாமா அலறினார்.

ரிக்‌ஷாக்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னா சொல்தா, எலியயா காட்சிக்கு ஏத்திக்கினு போவணும்?”

தெருவே சிரித்தது. அன்றிலிருந்து அவர் ‘எலி சொல்தா’. அன்று வாங்கிய அடி எனக்கு வலிக்கவில்லை. பட்டு காலை நீட்டிப் படுத்துப் புல் தின்றுகொண்டிருந்தது.

இப்போது அந்தக் கூண்டில் விறகு கிடக்கிறது. எங்கள் தெருவில் கம்பளி முயல் வளர்ப்பார் யாருமில்லை. நான் படித்து முடித்து, கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். மாமா தம் சடைநாய்க்கு முடி வெட்ட என்னிடம்தான் வருகிறார். கத்தரிக்கோலை எடுக்கும் முன், வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி, “பஞ்சுவக் கொன்னது யாரு மாமா?” என்று கேட்பேன். அவர் குனிந்து நாயைத் தடவுவார். நாய்க்கு ஒழுங்காக வெட்டி அனுப்புகிறேன். கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.