திங்கட்கிழமை மூட்டை

அவள் வேலை செய்த லாண்டரிக்கு இரண்டு பிரசவ ஆஸ்பத்திரிகளின் துணி வெளுக்க வந்தது. மெயின் ரோட்டில் கண்ணாடி முகப்போடு நிற்கும் ஐந்து மாடி ஆஸ்பத்திரியின் துணி மூலையில் சிவப்பு நூல் தைத்திருக்கும். தபால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மாடி ஆஸ்பத்திரிக்கு நீல நூல். மூட்டையை அவிழ்த்து, விரிப்பு ஒரு பக்கம், நோயாளி அங்கி ஒரு பக்கம், ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி தனியாக என்று பிரிப்பது அவள் வேலை. ஏழு வருஷத்தில் ஒருநாளும் மூக்கைச் சுளிக்காதவள், கர்ப்பமாகி மூன்றாம் மாதம் பிறந்ததும் வெறும் சோப்பு வாசனைக்கே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். லாண்டரிக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான்.

வீட்டில் எந்த ஆஸ்பத்திரி என்ற பேச்சே எழவில்லை. மாமியார் எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தார். அவர் மகளுக்குப் பிரசவம் ஆனது கண்ணாடி ஆஸ்பத்திரியில்.

"என்னா சுத்தம்ங்கறே! பெட்ஷீட்டப் பாக்கணுமே, பால் மாதிரி இருக்கும்."

"அத்தை, அதை வெளுக்கறதே நான்தான்."

"அப்ப உனக்கே தெரியுமே, பின்ன என்ன?"

"பின் தெரு ஆஸ்பத்திரி பெட்ஷீட்டும் அதே மெஷின்லதான் வேகுது."

"வேகட்டும், யாரு வேணாம்னா? அந்த டாக்டரம்மா சிரிச்சு யாராச்சும் பாத்திருக்காங்களா?"

கணவன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். நகத்தில் ஒட்டிய நீலத்தைச் சுரண்டியபடியே, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு எனக்கு இடத்தை மட்டும் சொல்லுங்க. வண்டியோட வந்து நிக்கறேன்" என்றான்.

அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு. நாத்தனார் ஒரு சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனாள். வலி நிதானமாகத்தான் வந்தது. மத்தியானம் டாக்டர் எட்டிப் பார்த்து, இனிக் காத்திருக்க வேண்டாம் என்றார். நாலு மணிக்கெல்லாம் ஆபரேஷன் முடிந்து குழந்தை வெளியே. ஏன் என்று கேட்டால் நாத்தனார் இன்றைக்கும், "என்னவோ சொன்னாங்க அண்ணி, நல்லதுக்குத்தானே செய்வாங்க" என்கிறாள். வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், கத்தியையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் இவளுக்குத் தோன்றியது. அந்த 'என்னவோ'வைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லாண்டரி வண்டி ஓடாது. அன்றைய துணி தனி மூட்டையாகத் திங்கள் காலை வரும். நாலாம் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, சிவப்பு நூல் மூட்டையை அவிழ்த்துப் பிரித்தவள் சற்று நின்றாள். விரிப்பு இருந்தது, அங்கி இருந்தது, பச்சைத் துணி ஒன்றுகூட இல்லை. அடுத்த திங்களும் இல்லை. நாலு வாரம் பார்த்தாள். மற்ற நாள் மூட்டைகளில் பச்சை பிதுங்கிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை மூட்டையைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். நாத்தனாருக்கு ஆபரேஷன் ஆனதும் ஒரு சனிக்கிழமைதான்.

வண்டி ஓட்டும் அண்ணனிடம் கேட்டாள். "ஏண்ணே, ஞாயித்துக்கிழமை பச்சைத் துணி வேற எங்கயாச்சும் போகுதா?"

"எங்க போகும்? அன்னைக்குத் தியேட்டர் இருக்கற மாடிக்கே லைட்டு போட மாட்டாங்க. ஏன் தங்கச்சி, துப்பறியிற வேலைக்கு மாறிட்டியா?"

சிரித்துவிட்டுத் திரும்பினாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அழுக்குத் துணியை வைத்து ஒரு டாக்டரை எடைபோடுவது நியாயமா? படித்தவர்கள் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வார்கள்? நேரில் போய்க் கேட்பதென்று முடிவு செய்தாள், இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியை.

கண்ணாடி ஆஸ்பத்திரி டாக்டர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வலி வந்தா என்ன பண்ணுவீங்க மேடம்?"

"இப்பவே ஞாயித்துக்கிழமையா? இன்னும் அஞ்சு மாசம் இருக்கேம்மா! அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம். நீ நல்லாச் சாப்பிட்டுத் தூங்கு, போதும்."

தோளில் தட்டிக் கொடுத்தார். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பின் தெரு டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஏன் குறிப்பா ஞாயித்துக்கிழமை?"

மறைக்கத் தெரியாமல் மூட்டைக் கதையைச் சொல்லிவிட்டாள்.

"எங்க மூட்டையையும் பாத்திருப்பீங்களே?"

"பாத்தேன் மேடம். உங்களுது எல்லா நாளும் பச்சை வருது. கொஞ்சமாத்தான்."

"துணி எத்தனைன்னுதான் சொல்லும், எதுக்குன்னு சொல்லாது. அதை வெச்சு அவங்களையும் திட்டாதீங்க, என்னையும் மெச்சாதீங்க." பேனாவை மூடி வைத்தார். "மயக்க மருந்து டாக்டர் எதிர் வீட்டுல இருக்கார், ஞாயித்துக்கிழமையும் கூப்பிடலாம். அவர் ஊர்ல இல்லன்னா இன்னொருத்தர் வருவார், அரை மணி நேரம் ஆகும். குறை மாசக் குழந்தைய வெச்சுப் பாக்கற மெஷின் எங்ககிட்ட இல்ல. உங்களுக்கு பிரஷர் ஏறினா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். ஆபரேஷன் பண்ணணும்னா ஏன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் பண்ணுவேன். வேற என்ன கேக்கணும்?"

கடைசிவரை அவர் சிரிக்கவேயில்லை.

அன்று மாலை வீட்டில், "பின் தெருவுக்குத்தான் போறேன்" என்றாள். மாமியார் இரண்டு நாள் மகனோடு மட்டும் பேசினார். மூன்றாம் நாள், "தலகாணி நாமளே கொண்டுபோகணுமாமே, அந்த ஆஸ்பத்திரிக்கு?" என்று அவளிடமே கேட்டார். சமாதானம் ஆகிவிட்டதென்று அவள் புரிந்துகொண்டாள்.

வலி வந்தது ஞாயிற்றுக்கிழமை அல்ல. சாதாரணமான ஒரு புதன்கிழமை, விடிந்து வெகு நேரம் கழித்து. மத்தியானத்துக்கு மேல் டாக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குழந்தையோட துடிப்பு ரெண்டு தடவை இறங்கி ஏறியிருக்கு. கொடி கழுத்தச் சுத்தியிருக்கலாம். இருபது நிமிஷம் பாக்கறேன். மறுபடி இறங்கினா தியேட்டர். புரியுதா?"

"புரியுது மேடம்."

மறுபடியும் இறங்கியது. பச்சைத் துணியை அவள்மேல் விரித்தபோது பயமாகத்தான் இருந்தது. என்ன நடக்கிறதென்று தெரிந்த பயம்.

பெண் குழந்தை. மறுநாள் காலை மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விரிப்பைத் தடவிப் பார்த்தார். "பரவால்ல, இங்கயும் பால் மாதிரிதான் இருக்கு."

அவள் விரிப்பின் மூலையைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு நூல். அவள் இடத்தில் இப்போது துணி பிரிப்பது 'அவசரம்' என்று எல்லோரும் கூப்பிடும் பெண்; இரண்டையும் கலந்து அனுப்பியிருக்கிறாள். வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள். "உங்க ஆஸ்பத்திரிதான் அத்தை. உங்களுக்காக இங்கயே வந்துருச்சு."

"போடி, சிரிக்காத, தையல் விட்டுரும்" என்றார் மாமியார், சிரித்துக்கொண்டே.

அப்போது நாத்தனாரின் போன் வந்தது. மாமியார் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பெருமையாக எல்லாவற்றையும் ஒப்பித்தார். துடிப்பு இறங்கியது, டாக்டரம்மா இருபது நிமிஷம் பார்த்தது, கொடி ஒரு சுற்று சுற்றியிருந்தது, பிறகு ஆபரேஷன்.

"ஏம்மா," என்று கேட்டாள் நாத்தனார், "எனக்கு எதுக்குன்னு சொன்னாங்க?"

மாமியார் மருமகளைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"தெரியலையேடி," என்றார் மெதுவாக. "நாங்க யாருமே கேக்கலையே."