கண்ணாடியைச் சாய்த்த கை

பேராதனைப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றில் தனபாலனும் நானும் வேலை பார்த்தோம். அவர் லேசர் அறையின் தொழில்நுட்ப உதவியாளர். நான் பக்கத்துக் களஞ்சியத்தில் சாமான் கொடுப்பவள். கலஹாவிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் வருவோம். கெட்டிக்காரர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்கவே மாட்டார். அந்தக் குணத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அவர் பொறுப்பில் ஒரு கருவி இருந்தது. லேசர் கதிர் ஒன்றை இரண்டாகப் பிரித்து, இரண்டு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பவைத்து, மறுபடி ஒன்றுசேர்ப்பார்கள். அப்போது சுவரில் சிவப்பும் கறுப்புமாக வரிகள் விழும். கண்ணாடி மயிரிழை சாய்ந்தாலும் போதும், வரிகள் சரிந்து நெருங்கி ஒன்றுமே தெரியாமல் போய்விடும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் அதுதான் நடந்தது. மாலையில் நேராக்கி வைத்துவிட்டுப் போனால் காலையில் வரிகள் சரிந்து கிடக்கும். வெயில் ஏற ஏறத் தானாகவே நிமிரும். தனபாலன் மேசையைத் தட்டிப் பார்த்தார், ரயில் போகும்போது பார்த்தார், மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. காலையில் அந்த அறைக்குள் போகிறவர் ஒரே ஒருவர், கூட்டித் துடைக்கும் அங்கம்மா. கலஹாத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் நிறைமாதத் தங்கையோடு இருப்பவர். இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு கதியில்லை.

"அக்கா, நீங்கதான் மேசையில இடிக்கிறீங்க" என்றார் தனபாலன்.

"ஐயோ தம்பி, நான் அது கிட்டக்கூட போறதில்லையே!"

"ஒங்களுக்கே தெரியாம கை பட்டிருக்கும். கருவி பொய் சொல்லாதுக்கா."

அங்கம்மா திகைத்துப்போய்த் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆய்வுகூடப் பொறுப்பாளர் மஹ்மூத் சேர்கூடத் தனபாலன் சொன்னதை நம்பினார். துப்புரவு வேலையை ஒப்பந்தத்தில் எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் அந்த வாரமே அங்கம்மாவை நிறுத்திவிட்டார்.

தனபாலன் அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னோடு கொண்டுபோனார். மறுநாள் அவரே திறந்தார். அவர் போட்ட சத்தத்தில் நான் களஞ்சியத்தைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினேன். வரிகள் சரிந்து கிடந்தன.

அதற்குப் பிறகுதான் தனபாலன் ஐயா ஒழுங்காக ஆராயத் தொடங்கினார். கண்ணாடிகளைத் தாங்கிகளோடு இடம் மாற்றினார். சரிவும் கூடவே இடம் மாறியது. ஆகவே மேசையில் குற்றமில்லை. அந்த ஒரு தாங்கிதான். அந்த வாரம் வெயிலே எட்டிப் பார்க்கவில்லை, வரிகளும் நிமிரவில்லை. ஈரம்தான் காரணம் என்று புரிந்தது. ஆனால் உலோகமோ கண்ணாடியோ ஈரத்தைக் குடிக்காதே? தாங்கியில் ஈரம் குடிக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஆயுத பூசையன்று தனபாலன் தன் கையாலேயே இறுக்கிக் கட்டிய மஞ்சள் நூல்.

வருசாவருசம் எல்லாக் கருவிக்கும் சந்தனம் வைத்து நூல் கட்டுவார். அந்த முறை கண்ணாடியைப் பிடித்திருக்கும் தகட்டையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறார். பருத்தி நூல் இரவு ஈரத்தில் நனைந்து சுருங்கித் தகட்டை இழுத்திருக்கிறது, காய்ந்ததும் விட்டிருக்கிறது. நாங்கள் எல்லோரும் தினமும் பார்த்த நூல்தான். மஹ்மூத் சேரும் பார்த்தார். சாமி காரியம் என்று யாரும் அதைத் தொடவில்லை, கருவியின் ஒரு பாகமாக நினைக்கவுமில்லை.

தனபாலன் முடிச்சை அவிழ்த்தார். சுவரில் வரிகள் நிமிர்ந்தன. "நான் கட்டினது… நானே கட்டினது" என்று சொல்லிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மஹ்மூத் சேர் கொந்தராத்துக்காரரோடு சண்டை பிடித்து வேலையைத் திரும்ப வாங்கிவிட்டு, "முதல்ல அந்த மனுசிக்கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார். தனியாகப் போக தனபாலனுக்குத் துணிவில்லை. நானும் போனேன்.

லயத்து வாசலில் அங்கம்மாவின் தங்கை பரிமளம் கைக்குழந்தையோடு நின்றாள். தனபாலன் தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் சொன்னார். "ஒங்க கை படவே இல்லக்கா. திங்கக்கிழமை வேலைக்கு வந்துருங்க."

அங்கம்மா வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நெசமாவா தம்பி? நான் இடிக்கலயா?"

"இல்லக்கா."

"நீங்க படிச்சவங்க சொன்னீங்க. எனக்கே தெரியாம என் கை இடிக்குதுன்னு நானும் நம்பிட்டேன். இந்தப் புள்ள பொறந்து இம்புட்டு நாளாச்சு. கீழ போட்டுருவேனோன்னு பயந்து இன்னும் தூக்கல."

பரிமளம் அதிர்ந்துபோனாள். "அக்கா! எம்மேல கோவம்னுல நெனச்சிக்கிட்டு இருந்தேன்!"

பரிமளம் குழந்தையை நீட்டினாள். அங்கம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மறுபடியும் தனபாலனிடமே கேட்டார்:

"தூக்கலாமா தம்பி?"