ரேகை வைக்காத சீட்டு

எஸ்டேட்டில் யாருக்கும் சின்னாத்தாளைச் சின்னாத்தாள் என்று தெரியாது. வால்பாறைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், விடியற்காலைப் பனியில் மேஸ்திரி நஞ்சுண்டன் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவான். "தெய்வாத்தா" என்று அவன் கூப்பிடும்போது இவள் "இருக்கேனுங்க" என்பாள். இரண்டு வருஷமாக அந்தப் பெயரைக் காதால் கேட்டு வந்தாளே ஒழிய, ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. சொல்லக்கூடாது. அது அவளுடைய நங்கையின் பெயர்.

புருஷனுடைய அக்காளைக் கொங்கு நாட்டில் நங்கை என்பார்கள். புருஷன் பெயரை எப்படிச் சொல்ல மாட்டார்களோ, அப்படியே நங்கையின் பெயரையும் சொல்ல மாட்டார்கள். சின்னாத்தாளின் புருஷன் பெயர் திருமூர்த்தி. அதனால் அவள் திருமூர்த்தி மலையைக்கூட "உடுமலைக்கு அக்கட்டால இருக்கற அருவி மலை" என்றுதான் சொல்லுவாள். அத்தனை கட்டுப்பாடாக வளர்ந்தவள் நங்கையின் பெயரையே திருடிக்கொண்டு வாழ்ந்தாள் என்றால், அதை நான் எந்த மனத்தோடு எழுதுவேன்? ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அவர்கள் மூவரும் கண்டிச் சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்கள். தெய்வாத்தாள் பதினைந்து வருஷம் கொழுந்து பறித்தவள். பெற்றோர் போன பிறகு தம்பியைத் தானே வளர்த்து, ஊரிலிருந்து சின்னாத்தாளைப் பெண் எடுத்துக் கட்டி வைத்தவள். கல்யாணமாகி எட்டாம் மாதம் திருமூர்த்தி காய்ச்சலில் போய்விட்டான். அதே சமயம் தேயிலை விலையும் விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் கழித்து ஊருக்கு அனுப்பினார்கள். நங்கையும் சின்னாத்தாளும் கப்பலேறி, மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்குத் தங்கி, பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கவுண்டர் தோட்டத்துச் சாளையில் வந்து ஒதுங்கினார்கள். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஒற்றைக் குடிசை அது; கவுண்டரின் மாடுகளுக்குச் சாணி வழிப்பதுதான் அவர்களுக்கு வேலை.

தெய்வாத்தாளின் கையில் ஒரே ஒரு சொத்து இருந்தது. கண்டித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்த விடுப்புச் சீட்டு. இவள் இன்ன பெயருள்ளவள், வேலை தெரிந்தவள், நடத்தை நல்லது என்று அதில் எழுதியிருந்தது. சின்னாத்தாள் அங்கே வேலைக்குப் பெயர் கொடுக்கவில்லை. அதனால் அவளுக்குச் சீட்டும் இல்லை.

ஒரு வியாழக்கிழமைச் சந்தையில் நஞ்சுண்டன் வந்து நின்றான். "எஸ்டேட்டுக்கு நாலு பொம்பளையாளுக வேணும். கண்டிச் சீட்டு இருக்கறவங்களாப் பாத்துத்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க. புது ஆளுக வேண்டாம்" என்றான். அன்று தெய்வாத்தாள் இருபது நாள் காய்ச்சலில், கண் திறக்காமல் சாளையில் கிடந்தாள். சின்னாத்தாள் ஓடி வந்தாள். தகரப்பெட்டியைத் திறந்தாள். மடித்து வைத்த சேலைக்கு அடியில் இருந்த சீட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நங்கை எழுந்து நடக்கிற வரைக்கும்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கவுண்டர் வீட்டு வேலைக்காரி நஞ்சம்மாளிடம் நங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுநாள் பஸ் ஏறினாள்.

மூன்று மாதம் கழித்துப் பொங்கலுக்கு வந்தபோது தெய்வாத்தாள் தேறியிருந்தாள். ஆனால் தகரப்பெட்டியிலிருந்த துணிகளெல்லாம் தரையில் கிடந்தன.

"சீட்டைத் தொலைச்சுப்போட்டேன் கண்ணு. மண்டபத்துல துணிமணியெல்லாம் கொட்டிப் பொகை போட்டாங்கல்லோ, அங்கதான் உழுந்திருக்கோணும். பதனஞ்சு வருஷம் மழையில நனஞ்சு சம்பாரிச்ச காயிதம். என்னையாட்ட மண்டு எங்காச்சும் இருப்பாளா?"

அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சின்னாத்தாள் என்ன செய்தாள் தெரியுமா? நங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சேலையாக உதறி, அவளும் சேர்ந்து தேடினாள்.

தான் எஸ்டேட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பதாகவும், அதற்குச் சீட்டு வேண்டியதில்லை என்றும் சொல்லி வைத்திருந்தாள். தெய்வாத்தாள் நம்பினாள். சின்னாத்தாள் ஊருக்கு வந்துபோகும்போதெல்லாம் நங்கை ஒரே ஒரு உதவிதான் கேட்டாள்.

"ரைட்டரய்யாகிட்ட எனக்காவ ஒரு வார்த்தை கேளு கண்ணு. சீட்டுத் தொலைஞ்சவளுக்கு வேற வழி ஏதாச்சும் இருக்குதான்னு. இந்தக் கையைப் பாரு, கடலைக்கொடியில காய் பறிக்கறப்பக்கூடக் கொழுந்து கிள்ளற மாதிரியே போவுது."

"கேக்கறேனுங்க நங்கை" என்பாள் சின்னாத்தாள். இரண்டு வருஷத்தில் ஏழு தடவை அப்படிச் சொன்னாள். ஒரு தடவையும் கேட்கவில்லை. மலைமேல் அவள் நல்ல சோறு தின்றாள். ஒவ்வொரு கவளமும் நங்கையின் சாணி நாற்றக் கையிலிருந்து பிடுங்கியதாகவே பட்டது.

முப்பத்தாறாம் வருஷம் ஐப்பசி மாதம் எஸ்டேட்டில் ஒரு உத்தரவு வந்தது. கண்டியிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வந்து, தற்காலிகச் சீட்டில் வேலை செய்கிறவர்களில் இரண்டு வருஷம் முடித்தவர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளத் துரை அனுமதி கொடுத்துவிட்டார். தற்காலிகமான அந்த வெள்ளைச் சீட்டை வாங்கிக்கொண்டு, பெயர், ஊர், புருஷன் பெயர் எழுதி, கட்டைவிரல் ரேகை வைத்த பச்சைச் சீட்டுக் கொடுப்பார்கள். பச்சைச் சீட்டு உள்ளவளுக்கு லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், சொந்தமாக ஒரு வீடு. வேலையிலிருந்து கழிக்க மாட்டார்கள்.

லயமே சந்தோஷப்பட்டது. சின்னாத்தாளுக்கு மட்டும் கைகால் ஓடவில்லை. தன் ரேகையை நங்கையின் பெயருக்கு அடியில் வைத்துவிட்டால், அப்புறம் உலகத்தில் எந்தத் தோட்டத்திலும் நங்கை தெய்வாத்தாளாக வேலை கேட்க முடியாது. வைக்காவிட்டால் தனக்குச் சோறு இல்லை.

ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் ஆபீசில் ரைட்டர் வெங்கடபதி நாயுடு மை தடவிய அட்டையோடு உட்கார்ந்திருந்தார். வாசல் வரை பெண்கள் வரிசை. மேஜைக்குப் பக்கத்தில் மெஹராஜ் நின்றாள். அவள் பாலக்காட்டுப் பக்கம் இருந்து வந்தவள், சின்னாத்தாளுக்கு அடுத்த வீட்டுக்காரி. புருஷன் பெயர் சொல்லக் கூசும் பெண்களுக்காக அவளே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்த லயத்து ஆம்பளைக பேரு அத்தனையும் எனக்கு மனப்பாடமுங்க, எம் புருஷன் பேரைத் தவிர" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

சின்னாத்தாளின் முறை வந்தது.

"பேரு சொல்லு அம்மணி" என்றார் ரைட்டர்.

அவள் மேஜைமேல் இருந்த வெள்ளைச் சீட்டைக் காட்டினாள்.

"வெள்ளைச் சீட்டுல எழுதித்தான் இருக்குது. ஆனா உன் வாயால சொல்லோணும். போன மாசம் ஒருத்தன் சீட்டுல இன்னொருத்தன் வேலை செஞ்சு மாட்டிக்கிட்டான். துரை கண்டிப்பா இருக்காரு."

"தெய்வாத்தாங்க" என்றாள் மெஹராஜ்.

"நீ சும்மா இரு. புருஷன் பேருன்னா நீ சொல்லலாம். சொந்தப் பேரை அவங்கவங்களே சொல்லோணும்."

சின்னாத்தாள் வாயைத் திறந்தாள். பொய் சொல்ல அவள் பயப்படவில்லை. இரண்டு வருஷமாகப் பொய்யில்தானே இருந்தாள். அந்தப் பெயர் மட்டும் வாயில் வரவில்லை. மெதுவாக மெஹராஜின் கையைப் பிடித்து, "அக்கா, நீங்களே சொல்லிப்போடுங்க" என்றாள்.

"அடி இவளே, உம்பேரைச் சொல்ல உனக்கென்ன கூச்சம்? உன்னையே நீ கட்டிக்கிட்டயா?"

ஆபீசே அதிர்ந்தது. ரைட்டரும் சிரித்தார். ஆனால் பாதியிலேயே அவருடைய சிரிப்பு நின்றது. அவர் வீட்டுக்காரி, புருஷன் பெயர் வாயில் வந்துவிடும் என்று, இருபத்தைந்து வருஷமாகப் பெருமாளைக்கூட 'மலைச்சாமி' என்றுதான் கும்பிடுகிறாள். ஒரு பெயரைச் சொல்லக்கூடாத பெண்ணின் மௌனம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"எல்லாரும் செத்த நேரம் வெளிய நில்லுங்க" என்றார். கதவு சாத்தியதும் தணிந்த குரலில் கேட்டார்: "இது யாரு பேரு அம்மணி?"

அவர் பச்சைச் சீட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எனக்குப் பாவ புண்ணியம் தெரியும். இந்தக் கட்டத்துல ரேகை வெச்சுட்டா இனி இது உம்பேருதான். நான் எதுவும் கேக்கலைன்னு வெச்சுக்கறேன். வெக்கறயா?"

அவரே அவள் கட்டைவிரலை மையில் ஒற்றிவிட்டார். விரல் கட்டத்துக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. வீடு, அரிசி, கம்பளி எல்லாம் அந்த ஒரு விரற்கடைக்கு அடியில் இருந்தன. அவள் கண்ணுக்கு அவை தெரியவில்லை. சாளைத் தரையில் துணிகளைக் கொட்டிப் போட்டு, தன்னையே திட்டிக்கொண்டு தேடும் ஒருத்திதான் தெரிந்தாள்.

சின்னாத்தாள் விரலைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள்.

"என்ர நங்கை பேருங்க" என்றாள். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

வெங்கடபதி பச்சைச் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சீட்டுக்கட்டு செவ்வாக்கெழமைதான் துரைகிட்டப் போவுது. அதுக்குள்ள அந்த அம்மணி வந்து, பேரு சொல்லி, ரேகை வெச்சாங்கன்னா நிரந்தரம் அவங்களுக்கு. நீ ஒழைச்ச ரெண்டு வருஷமும் அவங்க பேர்லயே நிக்கும். நஞ்சுண்டன்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா உனக்கு இங்க ஒண்ணும் இருக்காது. லயத்து ஊட்டையும் உடோணும்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க."

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிக் கோப்பில் குத்தியிருந்த கண்டிச் சீட்டை அவர் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அவள் சேலையில் ஒட்டிய மையையே பார்த்துக்கொண்டு வந்தாள். சாளையில் தெய்வாத்தாள் முறத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். சின்னாத்தாள் சீட்டை முறத்தின்மேல் வைத்தாள்.

தெய்வாத்தாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த முத்திரை தெரியும். ஓரத்தில் கிழிந்ததைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினவளே அவள்தான். அவள் முகம் விளக்கேற்றினதுபோல் ஆயிற்று.

"எங்க கண்ணு கெடச்சுது? மண்டபத்துக்குக் கடுதாசி போட்டயா? ரைட்டரய்யா வாங்கிக் குடுத்தாரா? எஞ்சாமி, எனக்காவ எத்தனை பாடுபட்டயோ."

நங்கை அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் சொடுக்கினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்த அன்பு அப்படியே இருந்திருக்கும்.

"தொலையலீங்க நங்கை. நீங்க காச்சல்ல கெடக்கறப்ப நாந்தானுங்க எடுத்தேன். ரெண்டு வருஷமா உங்க பேர்லதான் கொழுந்து பறிச்சேன்."

முறத்தில் ஓடிய விரல்கள் நின்றன. தெய்வாத்தாள் சீட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதுவரை சின்னாத்தாளை அவள் 'டி' போட்டுக் கூப்பிட்டதே இல்லை.

"பொட்டியைக் கொட்டிப்போட்டு நீயுங்கூடத் தேடினயேடி."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, சபிக்கவில்லை. ரைட்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, இரண்டு சேலையை மூட்டையாகக் கட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்த தெய்வாத்தாள் திரும்பினாள்.

"ரெண்டு வருஷம் எம்பேரை வெச்சுச் சோறு தின்னயல்லோ. இப்ப எம்முன்னால ஒருக்கா அதைச் சொல்லு."

"வேண்டாமுங்க நங்கை. அதை எப்பிடிங்க நாஞ் சொல்றது?"

"சொல்லு."

கண்டக்டர் ஊதலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சின்னாத்தாள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டாள்.

"தெய்வாத்தா" என்றாள்.

ரைட்டர் கேட்டபோது வராத பெயர், ஊர் பார்க்க வந்தது. தெய்வாத்தாள் அதைக் கேட்டுக்கொண்டாள். "ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்போது அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அன்று முதல் சாளையில் சாணி வழிக்கிறவள் சின்னாத்தாள். மேலே லயத்து வீட்டில் பச்சைச் சீட்டோடு தெய்வாத்தாள் இருக்கிறாள். அடுத்த பொங்கலுக்கு அவள் ஒரு பொட்டலம் தேயிலைத் தூளும், ரவிக்கைத் துணியும் கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மெஹராஜ் சொன்ன வேடிக்கைகளைச் சொன்னாள். "சின்னாத்தா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். 'கண்ணு' என்று மட்டும் அவள் வாயில் வரவேயில்லை. சின்னாத்தாள் மூன்று நாளும் அதற்குக் காத்திருந்தாள்.

புறப்படும்போது தெய்வாத்தாள் சந்தையில் வாங்கிய ஒரு புதுப் பூட்டை எடுத்துத் தகரப்பெட்டிக்குப் போட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்தப் பெட்டி அதுவரை பூட்டு கண்டதில்லை. உள்ளே திருமூர்த்தியின் பழைய கோட்டு ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை.

சாளைக்குள் மாட்டு மூத்திர ஈரம் ஏறி இரும்பெல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் சின்னாத்தாள் வாரம் தவறாமல் ஒரு சொட்டு விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு, அந்தப் பூட்டைத் துடைத்து வைக்கிறாள்.