வாறன் எண்டு போன படகு

வடதுருவப் பனிக்கடலைச் சுற்றிக் காட்டும் கப்பலிலிருந்து கரைக்கு ரப்பர் படகில்தான் இறக்குவார்கள் என்று என் கணவர் எனக்குச் சொல்லவேயில்லை. தெரிந்திருந்தால் கனடாவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவை விட்டே அசைந்திருக்க மாட்டேன்.

ஒரு சின்னத் தீவில் எங்களை இறக்கிவிட்டு, மற்றவர்களை ஏற்றி வருவதாகச் சொல்லிப் படகு திரும்பியது. சுற்றிலும் பனிக்கட்டி மிதக்கும் கடல். எஞ்சின் சத்தம் தேய்ந்து மறைந்ததும் நான் கத்தத் தொடங்கினேன்.

சிறுவயதில் மன்னாரிலிருந்து இந்தியாவுக்குத் தப்பி ஓடியபோது, படகோட்டி எங்களை நடுக்கடல் மணல்திட்டொன்றில் இறக்கிவிட்டு, "இருங்கோ, வாறன்" என்று போனான். வரவேயில்லை. தண்ணீர் கேட்டுக் கேட்டே என் தம்பி அங்கே செத்துப்போனான். கலியாணமான புதிதில் கணவரிடம் இதைச் சொல்லி அழுதிருக்கிறேன்.

"இஞ்சாரும், சனம் பாக்குது. கத்தாதையும்" என்றார் அவர், அந்தப் பனித்தீவில்.

இந்தப் படகு சொன்னபடியே திரும்பி வந்தது. எங்களுக்குக் குடிக்கச் சூடான சொக்லேட்டும் கொண்டுவந்தது.

போன கிழமை வீட்டுக்கு விருந்தினர் வந்திருந்தார்கள். "போட் அங்கால போக, இவ கத்தின கத்தலுக்குப் பனிக்கரடியே ஓடியிருக்கும்!" என்று கணவர் கதை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்த நான் தட்டை மேசையில் வைத்தேன்.

"நான் ஏன் கத்தினனான் எண்டும் சொல்லுங்கோவன். அந்த மணல்திட்டில செத்த என்ர தம்பிக்கு என்ன பேர்?"

அவர் விருந்தினரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.